சுழலும் பந்தும் சுழலும் குண்டும்

கொழும்பு மாநகரின் மாளிகாவத்தைப் பகுதியில் அமைந்துள்ள கெத்தாராம விளையாட்டரங்கினை அறியாதார் நம் கல்லூரி அன்பருள் இலர் எனலாம். கொட்டாஞ்சேனையில் வாழ்வார்க்கு அஃது அண்மையிடம். வெள்ளவத்தையில் வாழ்வார்க்குச் சிறு பயணம். 1986 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வரங்கிலே, 1992 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 28 ஆந் திகதி இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்குமிடையே ஒரு ரெஸ்ற் போட்டி தொடங்கிற்று. கண்டியைச் சேர்ந்த இருபது வயதுத் தமிழிளைஞர் ஒருவர் அப்போட்டியிலேதான் முதன்முதலாக ரெஸ்ற் ஆட்டத்திற் பந்து வீசினார். அவர் முத்தையா முரளிதரன். அன்று மக்டெர்மட் என்னும் ஆட்டக்காரரை வீழ்த்தித் தொடங்கிய கணக்கு, 2010 ஆம் ஆண்டு யூலை மாதத்திற் காலி நகரிலே அவர் விடைபெற்றபோது 800 ஆக நிறைவெய்திற்று.

அவருடைய பந்தின் இயல்பினைக் கூர்ந்து நோக்கினோர் ஒரு புதுமையைக் கண்டிருப்பர். வலக்கையாற் சுழற்றப்படும் அப்பந்து, வீசுபவரின் பின்னின்று நோக்குங்கால், மணிக்கூட்டின் கம்பி செல்லுந் திசையிற் சுழல்வது. நிலத்திற் பட்டதும் அது வலப்பக்கந் திரும்பும். ஆனால், நிலத்திற் படுமுன்னர், வானிற் செல்லும்போதே, அது மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். முதலில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பின்னர் மறுபக்கந் திரும்புதலினாலேயே துடுப்பாட்டக்காரர் ஏமாறுவர்.

இனி, மற்றொரு பொருளை நோக்குவாம். ஆயிரம் யார் தூரத்திலுள்ள இலக்கினை நோக்கி விடுக்கப்படும் துப்பாக்கிக் குண்டும் சுழன்றே செல்கின்றது. குழலின் உட்புறத்தே வெட்டப்பட்டுள்ள சுருட்பள்ளங்கள் அதனைச் சுழற்றி அனுப்புகின்றன. வலஞ்சுழிப் பள்ளங்களையுடைய குழலிலிருந்து புறப்படும் குண்டும், பின்னின்று நோக்குங்கால், மணிக்கூட்டின் கம்பி செல்லுந் திசையிலேயே சுழலும். காற்றே இல்லாத அமைதியான வேளையிலும் அது நேரே செல்வதில்லை. சிறிது ஒதுங்கியே இலக்கினை அடைகின்றது. ஆனால் அஃது ஒதுங்குவது வலப்பக்கமாகும்.

சுழற்சியின் திசை ஒன்றே. ஒன்று இடப்பக்கம் ஒதுங்குகின்றது. மற்றையது வலப்பக்கம் ஒதுங்குகின்றது. இஃது எங்ஙனம் ஆயிற்று? இவ்வொரு வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தே நம் நாட்டவர் நெஞ்சந் துணுக்குறுதல் இயல்பு. 1983 முதல் 2009 வரை இந்நாடு பட்ட துன்பத்தினை எவரும் மறந்திலர். ஈண்டுப் பேசப்படுவது தாளில் வரையப்பட்ட வட்டத்தினை நோக்கிச் சுடும் போட்டிக்கலையும், அதனுள் மறைந்து கிடக்கும் இயற்பியலுமேயாம். உயிர்க்கு ஊறு செய்யும் வழியை நாம் ஆராய்ந்திலம்.

பந்தின் விலகல்

பந்தினை முதலில் எடுத்துக்கொள்வாம். சுழலும் பந்தின் மேற்பரப்பு தன்னையொட்டிய வளியையும் சிறிது இழுத்துச் செல்லும். பந்தின் ஒரு பக்கத்தில் இவ்விழுப்பு எதிரே வரும் வளியோட்டத்தோடு ஒத்துச் செல்லும். மறுபக்கத்தில் அதனை எதிர்க்கும். அதனாற் பந்தினைக் கடந்து செல்லும் வளி ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளப்படுகின்றது. வளி ஒரு பக்கந் தள்ளப்படின், பந்து மறுபக்கந் தள்ளப்படும். இவ்விசைக்கு ஜேர்மன் அறிஞர் மக்னசு என்பாரின் பெயர் வழங்குகின்றது. அவர் 1852 ஆம் ஆண்டு பேர்லினில் இதுபற்றித் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அவர் அன்று ஆராயப் புகுந்தது விளையாட்டுப் பந்தினையன்று. பீரங்கிக் குண்டுகளின் விலகலையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்விசைக்கு ஒரு விதி உண்டு. சுழற்சியின் அச்சும் பந்து செல்லுந் திசையும் ஒன்றாயிருப்பின் விசை தோன்றாது. இரண்டுக்குமிடையே கோணம் உண்டாகும்போதே அது பிறக்கும். முரளிதரனின் பந்தின் அச்சு, ஏறக்குறைய, பந்து செல்லுந் திசையிலேயே முன்னோக்கி நிற்பதாகக் கொள்வாம். பந்து உயர எறியப்பட்டுப் பின்னர்த் தாழும். அது தாழுங்கால் அதன் செல்திசை கீழ்நோக்கிச் சாய்கின்றது. அச்சோ முன்னிருந்தபடியே நிற்கின்றது. பந்து உருண்டை வடிவினது. அதற்கு மூக்கு என்றோ வால் என்றோ யாதுமில்லை. ஆதலின் வளி அதன் அச்சினைத் திருப்புதற்கு வழியில்லை. இவ்வாறு அச்சுக்கும் செல்திசைக்குமிடையே கோணம் பிறந்ததும், மக்னசு விசையும் பிறக்கின்றது. மணிக்கூட்டுத் திசையிற் சுழன்று தாழும் பந்துக்கு அவ்விசை இடப்பக்கமாகவே அமையும். பந்து கூடுதலாக உயர எறியப்படின் தாழ்வும் செங்குத்தாகும், ஒதுக்கமும் மிகும். பந்தினை உயரவிட்டு வீசுவோரே ஒதுக்கத்தை நன்கு பெறுதற்குக் காரணம் இதுவாம்.

மாணவர் இதனைத் தாமே செய்து காணலாம். ஒரு தாளினை நீள்குழலாகச் சுருட்டி ஒட்டி, சாய்த்து வைத்த பலகையின்மீது உருளவிடுக. பலகையின் விளிம்பினைக் கடந்ததும் அது முன்னோக்கிச் சென்று விழும் என்றே எண்ணுவோம். ஆனால், அது வளைந்து மேசைக்கு அடியில் உட்புறமாகச் சென்று விழும். உருளுதலாற் பெற்ற சுழற்சியும், விழுதலாற் பெற்ற வேகமும் சேர்ந்து அவ்விசையைப் பிறப்பிக்கின்றன.

கடலூரில் மறைந்த கணிதர்

மக்னசுக்கு ஒரு நூற்றாண்டின் முன்னரே இவ்வுண்மையைப் பரிசோதனையாற் காட்டியவர் ஒருவர் உளர். அவர் தமிழ்நாட்டு மண்ணிலே உயிர் நீத்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் அவ்வாங்கிலக் கணிதர் 1707 ஆம் ஆண்டு பிறந்தவர். 1742 ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பீரங்கிக்கலை நூல், எறிபொருளியல் என்னுந் துறைக்கே அடிக்கல்லாயிற்று. பிற்காலத்தே அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் கோட்டைகளைச் சீர்செய்யும் பொறியியற் பதவியேற்று இந்தியா வந்தார்; 1751 ஆம் ஆண்டு யூலை மாதம், கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்திலுள்ள புனித டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் மறைந்தார்.

அவர் காலத்துத் துப்பாக்கிகள் பெரும்பாலும் பள்ளமற்ற குழலும் உருண்டைக் குண்டும் உடையன. குண்டுகள் சில வேளை வலமும் சில வேளை இடமும் ஒதுங்கின. காரணம் எவர்க்கும் விளங்கவில்லை. குழலின் பக்கத்தில் உராய்ந்து பெறுஞ் சுழற்சியே காரணம் என்று றொபின்ஸ் கருதினார். கருதியதோடு நில்லாது, ஒரு துப்பாக்கியின் குழலினை நுனியருகே இடப்பக்கமாக வளைத்துச் சுட்டார். குழல் இடப்பக்கம் வளைந்திருத்தலின் குண்டும் இடப்பக்கமே போகும் என்று பாமரரும் கூறுவர். குண்டு முதலில் இடப்பக்கமே புறப்பட்டது. ஆனால், போகப்போக வளைந்து வலப்பக்கஞ் சென்றது. வளைந்த குழலின் வலச்சுவரை அழுத்தி உருண்டு வந்தமையால் அது பெற்ற சுழற்சி, அதனை வலப்பக்கமே தள்ளவேண்டும் என்று அவர் முன்கூட்டியே கணித்திருந்தார். கணித்தபடியே நிகழ்ந்தது.

அக்காலத்துக் கணித உலகின் பேரரசராய் விளங்கியவர் ஒயிலர். அவர் றொபின்சின் நூலை 1745 ஆம் ஆண்டு ஜேர்மன் மொழியிற் பெயர்த்து, விரிவான உரையும் எழுதினார். ஆயினும், சுழற்சியே விலகலுக்குக் காரணம் என்பதனை அவர் ஏற்றிலர்; குண்டின் உருவிலுள்ள குறைகளே காரணம் என்றார். எத்துணைப் பெரியார் மறுப்பினும் பரிசோதனை தன் வழியே நின்றது. இறுதியில் வென்றது வளைந்த குழலேயன்றிப் பெரும்பெயரன்று.

குண்டின் விலகல்

அங்ஙனமாயின், துப்பாக்கிக் குண்டின் விலகலுக்கும் மக்னசு விசையே காரணம் என்று கூறிவிடலாமே எனின், அதுவே பலரும் இடறும் இடம். அவ்விசையே காரணமாயின் இக்காலத்து நீண்ட குண்டும் பந்தினைப்போல இடப்பக்கமன்றோ ஒதுங்கவேண்டும்? அது வலப்பக்கம் ஒதுங்குதலினால் வேறொரு காரணம் இருத்தல் வேண்டும்.

மற்றொரு விளக்கமும் முன்னாளில் வழங்கியது. அது பிரான்சியக் கணிதர் பொயிசனின் பெயரோடு சார்த்திக் கூறப்படுவது. தாழ்ந்து செல்லுங் குண்டின் அடிப்புறத்தே வளி நெருங்கிச் செறிந்து நிற்கும். அச்செறிந்த வளியின்மீது குண்டு சில்லுப்போல உருண்டு வலப்பக்கஞ் செல்லும் என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு இனிது, விடையும் வலப்பக்கமே. ஆயினும், இதனை நம் பந்தின்மீது வைத்துச் சோதிப்பாம். பந்தும் தாழ்கின்றது, அதன் அடிப்புறத்தும் வளி உண்டு, அதுவும் அதே திசையிற் சுழல்கின்றது. இவ்விளக்கம் முழுமையாயின் முரளிதரனின் பந்தும் வானில் வலப்பக்கமே சென்றிருத்தல் வேண்டும். சென்றிலது. சரியான விடையைத் தருதலினால் மட்டும் ஒரு விளக்கம் மெய்யாகிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அவ்வுராய்வு சிறிதளவு இருக்கலாம். விலகலை நடத்துவது அதுவன்று.

உண்மைக் காரணம் பம்பரத்திலே உள்ளது. பம்பரம் சுழலாது நிற்கும்போது சாய்ந்தால் உடனே விழும். சுழலும்போது சாய்ந்தால் விழுவதில்லை. சாய்ந்தபடியே மெல்ல வட்டமிடுகின்றது. கீழே தள்ளும் விசை அதனைக் கீழே தள்ளாது பக்கவாட்டில் நகர்த்துகின்றது. சுழலும் பொருளின் பண்பு இது: அதன் அச்சினை ஒரு பக்கந் திருப்ப முயலின், அது அதற்குச் செங்கோணமான வேறொரு பக்கந் திரும்பும்.

துவிச்சக்கரவண்டியின் முற்சில்லொன்றைக் கழற்றி, அதன் அச்சின் இருமுனைகளையும் இரு கைகளாற் பற்றி, ஒரு முனை நமக்கு முன்னும் மறுமுனை நம்மை நோக்கியும் இருக்குமாறு பிடிக்க. பின்னின்று நோக்க மணிக்கூட்டுத் திசையில் அதனை விரைவாகச் சுழற்றுவிக்க. இனி, முன்முனையை மேலே உயர்த்த முயல்க. அது மேலே செல்ல மறுத்து வலப்பக்கந் திரும்புவதைக் கைகளே உணரும். இவ்வுணர்ச்சியை ஒருமுறை பெற்றவர்க்குக் குண்டின் மருமம் பாதி விளங்கிவிடும்.

குண்டு பந்தினைப்போல உருண்டையன்று. நீண்டு, முன்னே கூர்த்து, பின்னே பருத்தது. அதன் புவியீர்ப்பு மையம் பின்னே உளது. வளியின் விசை தாக்கும் இடமோ முன்னே மூக்கினருகே உளது. ஆகவே மூக்கு எப்பக்கஞ் சிறிது சாயினும், வளி அதனை அப்பக்கமே மேலுந் திருப்ப முயலும். சுழற்சி இல்லையேற் குண்டு கரணமடித்துத் தாறுமாறாய்ச் செல்லும். அதனைத் தடுக்கவே சுருட்பள்ளங்கள் வெட்டப்படுகின்றன.

இனி, படிப்படியாக நோக்குவாம்.

முதலாவது: புவியீர்ப்பினாற் குண்டின் பாதை கீழ்நோக்கி வளைகின்றது. சுழலுங் குண்டின் அச்சோ தொடங்கிய திசையையே பற்றி நிற்க முயல்கின்றது. ஆகவே மூக்குப் பாதைக்கு அணுவளவு மேலே நிற்கும்.

இரண்டாவது: மேலே நிற்கும் மூக்கினை வளி மேலும் உயர்த்த முயல்கின்றது. சில்லின் முன்முனையை நாம் உயர்த்த முயன்றதுபோன்றது இது. குண்டும் சில்லினைப்போலவே மறுமொழி சொல்கின்றது. அதன் மூக்கு வலப்பக்கந் திரும்புகின்றது.

மூன்றாவது: வலப்பக்கந் திரும்பிய மூக்கினை வளி மேலும் வலப்பக்கந் தள்ள முயல்கின்றது. அதற்கு மறுமொழியாக மூக்குக் கீழ்நோக்கித் தாழ்கின்றது. பாதை எவ்வளவு விரைவாகத் தாழ்கின்றதோ அவ்வளவு விரைவாக மூக்குந் தாழும்படி ஒரு சமநிலை அமைந்துவிடுகின்றது. அச்சமநிலையில் மூக்குப் பாதையை விட்டு ஒரு பாகையின் சிறு பின்னமளவே வலப்பக்கமாக ஒதுங்கி நிற்கும்.

நான்காவது: மூக்கு வலப்பக்கஞ் சாய்ந்து செல்லுங் குண்டின் இடப்புறத்தே வளி சற்றுக் கூடுதலாகத் தாக்குகின்றது. சுக்கான் சிறிது திரும்பிய வள்ளம் மெல்ல மெல்ல ஒரு பக்கஞ் செல்லுதல்போலக் குண்டும் வலப்பக்கஞ் செல்கின்றது. இதுவே சுழற்சி விலகல்.

ஆகவே நம் வினாவுக்கு விடை கிடைத்தது. பந்துக்கு மூக்கில்லை, அதன் அச்சு அசையாது நின்றது, மக்னசு விசை அதனை இடப்பக்கந் தள்ளிற்று. குண்டுக்கு மூக்குண்டு, அதன் அச்சு பம்பரம்போலத் திரும்பிற்று, சாய்ந்த உடலைத் தாக்கிய வளி அதனை வலப்பக்கந் தள்ளிற்று. மக்னசு விசை குண்டிலும் உண்டு. ஆயினும் அது மிகச் சிறிது. சுழற்சி ஒன்றேயாயினும் வடிவம் வேறாதலின் விளைவும் வேறாயிற்று.

குழலின் பள்ளங்கள் இடஞ்சுழியாயின் யாவும் மாறிக் குண்டு இடப்பக்கம் ஒதுங்கும். கடேற் படையிலே பழைய .303 லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியைத் தோளேற்றிய முதியோர் நம்முள் இருப்பின், அத்துப்பாக்கியின் ஐந்து பள்ளங்களும் இடஞ்சுழியே என்பதனை நினைவுகூர்க.

அளவு எவ்வளவு?

அறிவியலில் ஆம், அன்று என்பதோடு அமைதல் போதாது. எவ்வளவு என்றுங் கூறுதல் வேண்டும். பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்னும் பள்ளமுடைய குழலிலிருந்து, செக்கனுக்கு 2800 அடி வேகத்திற் குண்டு புறப்படுவதாகக் கொள்வாம். ஓர் அடிக்கு ஒரு சுற்று ஆதலின், செக்கனுக்கு 2800 சுற்று. நிமிடத்துக்கு 168,000 சுற்று. சிறந்த சுழற்பந்து நிமிடத்துக்கு 2000 சுற்றினை ஒட்டியே சுழலும். ஆயிரம் யாரைக் கடக்க அக்குண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் செக்கன் முதல் ஒன்றேமுக்காற் செக்கன் வரை செல்லும். ஆயிரம் யார் என்பது 3000 அடி. ஆகவே 3000 சுற்றுத்தான் சுற்றியிருக்கும் என்று கணக்கிடுதல் பிழை. வளித்தடையினாற் குண்டின் முன்செல் வேகம் பாதிக்கு மேற் குறைந்துவிடும். சுழற்சியோ மெல்லவே குறையும். ஆகவே அது செல்லும் வழியில் ஏறத்தாழ 4000 சுற்றுச் சுற்றிவிடும்.

இத்தகைய குண்டு 300 யாரில் ஏறத்தாழ அரை அங்குலமும், 600 யாரில் இரண்டரை அங்குலமும், 1000 யாரில் 8 முதல் 10 அங்குலமும் ஒதுங்கும். தூரம் இருமடங்காக விலகல் நான்கு மடங்குக்கு மேலாகின்றமை காண்க. விலகல் ஏறக்குறையப் பறத்தற் காலத்தின் வர்க்கத்தினை ஒட்டி வளர்தலே காரணம். அமெரிக்கப் போட்டிகளில் வழங்கும் ஆயிரம் யார் இலக்கிற் பத்துப் புள்ளி பெறும் வட்டத்தின் விட்டம் 20 அங்குலம். நடுவினைக் குறிவைத்து எட்டு அங்குலம் ஒதுங்கினாற் குண்டு அவ்வட்டத்தின் விளிம்பருகே சென்றடையும். மிகச் சிறிய பிழையொன்று சேரினும் புள்ளி குறைந்துவிடும்.

றொபின்ஸ் மறைந்த கடலூரிலே 1999 ஆம் ஆண்டு பிறந்தவர் இளவேனில் வாலறிவன். இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் விழாக்களிற் சுட்டவர். அவருடைய போட்டி பத்து மீற்றர்த் தூரத்தது. அத்தூரத்திற் சுழற்சி விலகலைக் கருத வேண்டுவதேயில்லை. இன்றைய ஒலிம்பிக் துப்பாக்கிப் போட்டிகளின் மிகக் கூடிய தூரம் 50 மீற்றரே. 300 மீற்றர்ப் போட்டி 1972 ஆம் ஆண்டு மியூனிக் நகரோடு முடிவுற்றது. ஆயிரம் யார் சுடும் மரபு இங்கிலாந்தின் பிஸ்லி முதலிய களங்களிலே வாழ்கின்றது. 1860 ஆம் ஆண்டு விம்பிள்டனில் விக்ரோறியா மகாராணியார் முதற் குண்டினைச் சுட்டுத் தொடக்கிவைத்த அவ்விழா, 1890 முதல் பிஸ்லியில் நடைபெறுகின்றது. அங்கே வழங்கும் பரிசுகளுள் ஒன்று கோலாப்பூர் அரசர் அளித்த கிண்ணமாகும். அமெரிக்கச் சேனையினரோ 1884 ஆம் ஆண்டிலேயே பஃபிங்ற்றன் என்பார் வகுத்த குறிகாட்டியைத் தம் துப்பாக்கியிற் பொருத்தினர்; தூரத்துக்கேற்ப அதனை உயர்த்தினால் அது தானே பக்கவாட்டிலும் சிறிது நகர்ந்து இவ்விலகலுக்கு ஈடு செய்தது.

ஒன்றையொன்று ஒத்த பிழைகள்

சுடுவோர்க்கு இடர் யாதெனில், சுழற்சி விலகலை ஒத்த வேறு பிழைகளும் உள என்பதே. அவற்றைப் பிரித்தறிதலே கலை.

காற்று முதலாவது. மணிக்கு ஒரு மைல் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று ஆயிரம் யாரில் இக்குண்டினை எட்டு ஒன்பது அங்குலந் தள்ளிவிடும். அத்தகைய காற்று முகத்திற் படினும் உணரப்படாது. புகை சாய்வதைக் கொண்டே அறியலாம். முழுச் சுழற்சி விலகலும் அவ்வுணரவியலாக் காற்றுக்கே சமம். ஆயினும் காற்று மாறும், சுழற்சி மாறாது.

துப்பாக்கியைச் சாய்த்துப் பிடித்தல் இரண்டாவது. ஆயிரம் யாரைச் சேரக் குண்டின் வீழ்ச்சிக்கு ஈடாகக் குழல் ஏறத்தாழ 400 அங்குலம் உயரக் குறிவைக்கப்படுகின்றது. அத்துணை உயர்த்திய துப்பாக்கி ஒரு பாகை வலப்பக்கஞ் சாயின், குண்டு ஏறத்தாழ 7 அங்குலம் வலப்பக்கஞ் செல்லும். சுழற்சி விலகலே போன்ற அளவு, அதே திசை. குறிகாட்டியின்மேற் சிறு இரசமட்டம் ஒன்றைப் பொருத்தினால் இப்பிழை அகலும்.

விசையை இழுக்குங்கால் விரல் குழலைத் திருப்புதல் மூன்றாவது. இது கோணப் பிழையாதலின் தூரத்தோடு நேராக வளரும்: 300 யாரில் ஒன்றாயின் 600 இல் இரண்டு, 900 இல் மூன்று. சுழற்சி விலகலோ வர்க்கத்தினையொட்டி வளரும். ஆகவே காற்றற்ற வேளையில் இரண்டு மூன்று தூரங்களிற் சுட்டு, விலகல் வளரும் விகிதத்தினை நோக்கின், குற்றம் விரலினதா சுழற்சியினதா என்பது வெளிப்படும்.

புவியின் சுழற்சி நான்காவது. இதனால் வட அரைக்கோளத்திற் குண்டுகள் வலப்பக்கம் ஒதுங்கும். பிஸ்லியில் ஆயிரம் யாருக்கு இவ்வொதுக்கம் ஏறத்தாழ மூன்றேகால் அங்குலம். மத்தியகோட்டுக்கு ஏழு பாகை வடக்கேயுள்ள நம் கொழும்பிலோ அஃது அரை அங்குலமே. ஆனால் நம்மிடத்தே வேறொரு விளைவு மிகும். கிழக்கு நோக்கிச் சுட்டாற் குண்டு ஏறத்தாழ நாலு அங்குலம் மேலேயும், மேற்கு நோக்கிச் சுட்டால் அவ்வளவு கீழேயும் படும். இங்கிலாந்தின் அட்டவணையை அப்படியே கொண்டுவந்து கொழும்பிற் பயன்படுத்துதல் ஒவ்வாது என்பது இதனாற் பெறப்படும். சுழற்சி விலகலுக்கு அகலக்கோட்டோடு தொடர்பில்லை. அது வளியின் அடர்த்தியையும், குண்டின் வடிவையும், பள்ளத்தின் முறுக்கினையும், பறத்தற் காலத்தையுமே சார்ந்தது.

இவ்வாறு நான்கு காரணங்கள் ஒரே இலக்கில் ஒரே துளையாய் வந்து முடிகின்றன. துளையை மட்டும் நோக்குவார்க்குக் காரணம் புலப்படாது. காற்றின் பிழைக்குச் சுழற்சியின் திருத்தத்தையும், விரலின் பிழைக்குக் காற்றின் திருத்தத்தையுஞ் செய்வார் இன்று தற்செயலாய் வெல்லலாம். காற்று மாறிய நாளை தோற்பர்.

அளந்தறிதல்

இப்பாடம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. 1995 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி மெல்போர்ண் நகரில் முரளிதரனின் பந்துகள் எறியப்படுவன என நடுவராற் குற்றஞ் சாட்டப்பட்டன. அவருடைய முழங்கை பிறவியிலேயே முற்றும் நிமிராதது. மணிக்கட்டோ மிக விரைந்து சுழல்வது. இவையிரண்டுஞ் சேர்ந்து, கை மடிந்து நிமிர்வதுபோன்ற தோற்றத்தைத் தந்தன. 1996 ஆம் ஆண்டு மேற்கு அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் அக்கை படமெடுத்து அளக்கப்பட்டது. தோற்றம் மயக்கமே என்று முடிவாயிற்று. பிற்கால அளவீடுகள், கண்ணுக்கு நேராகத் தோன்றிய பல வீச்சாளரின் முழங்கைகளும் சிறிது நிமிர்கின்றமையைக் காட்டின. 2005 ஆம் ஆண்டு முதல் எவ்வகை வீச்சாளர்க்கும் 15 பாகை என்ற ஒரே எல்லை வகுக்கப்பட்டது. ஒருவரின் தொழிலும் மானமும் அங்கே அளவீட்டின்மீது தொங்கி நின்றன.

ஒயிலரின் பெரும்பெயரும், கண்ணின் தோற்றமும், செவிக்கினிய விளக்கமும் ஆகிய மூன்றும் நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்ல வல்லன. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறியது, ஆய்வுகூடத்தின் வாயிலில் எழுதிவைக்கத்தக்க வாசகமாம்.

இன்றைய மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. ஒரு விளைவுக்கு விளக்கமொன்று கிடைத்தவுடன் அமையற்க. அதே விளக்கத்தை அதனையொத்த வேறொரு பொருளின்மீது வைத்துப் பார்க்க. அங்கும் அது நிற்குமா, எவ்வளவு என்று கூறுமா, வேறு காரணத்தினின்று தன்னைப் பிரித்துக் காட்டுமா என மும்முறை வினவுக. பெரிய கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு தாட்குழல், ஒரு பம்பரம், ஒரு துவிச்சக்கரவண்டிச் சில்லு ஆகியன போதும். பழைய மாணவராகிய பெரியோர், தம் இல்லத்துச் சிறுவர்க்கு அச்சில்லினைக் கையிற் கொடுத்து, அதன் முன்முனையை உயர்த்திப் பார்க்கும்படி கூறுவாராயின், இம்மலர் தன் பயனைப் பெற்றதாகும்.